வேட்டையன் யாரைக் கேட்டான்? பேய்ப்படக் காதலை வன்னியிலிருந்து வாசித்தல்

‘சந்திரமுகி’ (2005) என்ன கதை என்று கேட்டால், கங்கா என்ற பெண்ணுக்குப் பேய் பிடித்த கதை என்பார் ஒருவர். பேயில்லை, மனநோய் என்று திருத்துவார் இன்னொருவர். இரண்டு பேருமே படத்துக்குள் கிடக்கும் பழைய கதையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆந்திர தேசத்து ஆடல்மகள் சந்திரமுகி, குணசேகரன் என்ற ஆடற்கலைஞனைக் காதலிக்கிறாள். அவள்மீது ஆசை கொண்ட வேட்டையன் என்ற அரசன் அவளைப் பலவந்தமாகத் தன் அரண்மனைக்குக் கொண்டுவருகிறான். காதலன் எதிர்வீட்டில் வந்து குடியிருப்பது தெரிந்ததும் அவன் தலையைக் கொய்கிறான், அவளை உயிரோடு எரிக்கிறான். பல தலைமுறை கழித்து அந்த அரண்மனைக்கு வருகிறவர்கள் பயப்படுவது எரிக்கப்பட்டவளுக்கு. எரித்தவனோ நட்சத்திர நாயகனின் முகத்தோடு வந்து, தன் கொக்கரிப்புக்குத் திரையரங்கில் விசில் வாங்கிக்கொண்டு போகிறான்.

தமிழ்ப் பேய்ப்படங்களில் காதலும் வெறியும் எங்கே பிரிகின்றன, ஒருவரின் சொந்த விருப்பத்துக்கு அங்கே என்ன இடம் என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பார்க்கும் இடம் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னி. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் வசியம், பேய்பிடி, கலை வருதல் (தெய்வம் ஏறி ஆடுதல்) எல்லாம் இன்றும் பேச்சில் உள்ளவை. அதே மண்ணில் கால் நூற்றாண்டுக்கு மேலாக மனிதரின் விருப்பத்தைப் போர் தன் கையில் வைத்திருந்தது. இங்கிருந்து பார்க்கையில், இந்தப் படங்களில் அச்சத்தின் ஊற்று செத்தவளின் நிறைவேறாத ஆசையில் இல்லை என்பதும், மறுப்பை மறுப்பாகவே எடுக்கத் தெரியாத உயிருள்ளவர்களிடம் அது இருக்கிறது என்பதும் தெளிவாகிறது.

மருந்து போட்ட காதல்

வீட்டார் விரும்பாத ஒருவனோடு பெண்பிள்ளை போய்விட்டால் வன்னிக் கிராமங்களில் எழும் முதற் பேச்சு பெரும்பாலும் இதுதான்: “அவளுக்கு என்னவோ மருந்து குடுத்திட்டாங்கள்.” சாப்பாட்டில் கலந்தது, வெற்றிலையில் வைத்தது, காலடி மண் எடுத்துச் செய்தது என்று வகைவகையாகச் சொல்வார்கள். பிறகு பரிகாரம் தேடல்: திருநீறு போடுதல், நூல் கட்டுதல், கழிப்புக் கழித்தல்.

இந்தப் பேச்சு எங்கே அதிகம் தேவைப்படுகிறது என்று கவனிக்க வேண்டும். வன்னி ஒரே வேரில் முளைத்த சமூகம் அல்ல. குளங்களை நம்பிய பழைய குடிகள், குடியேற்றத் திட்டங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து காணி பெற்று வந்தவர்கள், 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியமர்ந்தவர்கள் என்று பலர் அருகருகே வாழும் நிலம் இது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாய்க்கால், ஒரே சந்தை. பிள்ளைகள் பழகுவார்கள், விரும்புவார்கள். ஆனால் சாதியும் ஊரும் பூர்வீகமும் கல்யாணப் பேச்சில் தலைநீட்டும். அந்த எல்லையைத் தாண்டிப் போன மகளைப் பற்றி ஊருக்குச் சொல்ல ஒரு விளக்கம் வேண்டும். மருந்து அந்த விளக்கம். அவள் தானாக ஒருவனைத் தெரிவு செய்யவில்லை, செய்யவைக்கப்பட்டாள் என்று சொல்லிவிட்டால் மானம் தப்பும், அவளைத் திரும்பக் கூட்டிவரவும் நியாயம் கிடைக்கும். அவளுடைய விருப்பம் மட்டும் கணக்கிலேயே வராது.

வசியம் நாடிப் போகிற இளைஞன் பக்கமும் இதேதான். அவனுக்கு அவள் வேண்டும், அவளுடைய சம்மதம் வேண்டியதில்லை. கேட்டால் ‘மாட்டேன்’ என்று சொல்லிவிடுவாள் என்ற பயத்தில் கேட்காமலே பெற்றுக்கொள்ள முயல்கிறான். ஆக, அவளை அடைய முயல்கிறவனும் மீட்க முயல்கிற வீட்டாரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் அவளைக் கேட்பதில்லை.

அமெரிக்க இளம் இயக்குநர் கறி பார்க்கர் எடுத்து 2025இல் டொரன்டோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட ‘ஒப்செஷன்’ திகில்படமும் இந்த வசியக் கதையையே எடுக்கிறது. தான் விரும்பும் பெண் தன்னைக் காதலிக்க வேண்டும் என்று ஒருவன் மந்திரப் பொருளிடம் வரம் கேட்கிறான். வரம் பலிக்கிறது. கேட்டது கிடைத்தபின்தான் திகிலே தொடங்குகிறது. அவளிடம் இப்போது இருப்பது காதலின் செயல் மட்டும், காதலிப்பவள் உள்ளே இல்லை. வசிய மருந்தின் கதையை அதன் முடிவு வரை எடுத்துச் சென்றால் வந்துசேரும் இடம் இது.

பேய் பிடித்தவளும் பெயர் சொல்ல வைத்தவர்களும்

மானிடவியலாளர் இசபெல் நபோகோவ் 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் செஞ்சிப் பகுதியில் பேயோட்டும் சடங்குகளை ஆராய்ந்தார். 1997இல் ஓர் ஆய்விதழில் வெளியான அவருடைய கட்டுரை இப்பொருளுக்கு மிக முக்கியமானது. அவர் கண்ட சடங்குகளில் பேய் பிடித்தவர்கள் பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமான பெண்கள். பிடித்ததாகச் சொல்லப்பட்ட பேய்கள் பெரும்பாலும் காதல் கைகூடாமல் உயிரை மாய்த்துக்கொண்ட இளைஞர்கள். தனித்த இடத்தில் அவளைக் கண்டு, ஆசைப்பட்டு, பிடித்துக்கொண்டன என்பது நம்பிக்கை. பம்பை அடிப்பவர்கள் பேயை ஆடவைத்து, பெயர் கேட்டு, போகச் சம்மதிக்க வைப்பார்கள். கடைசியில் அவளுடைய உச்சிமயிரில் ஒரு கற்றையை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடித்துவிட்டு அவளைக் கணவனிடம் ஒப்படைப்பார்கள்.

நபோகோவின் வாதம் கூர்மையானது. கணவனோடு ஒட்டமுடியாத ஒரு பெண் அதை நேராகச் சொல்ல வழியில்லை. பேய் என்ற பெயரில் அவளுக்குள் ஒரு காதலன் உருவாகிறான். சடங்கு அந்தக் காதலனைத் துரத்தி மனைவியை மீட்கிறது. நோய் தீர்ந்ததா என்பது வேறு விஷயம். கல்யாணம் காப்பாற்றப்பட்டது. அவளுக்கு அந்தக் கல்யாணம் வேண்டுமா என்று பம்பைக்காரரும் கேட்பதில்லை, மாமியாரும் கேட்பதில்லை.

இலங்கையில் இதற்கு இணைகள் உண்டு. சிங்களச் சமூகத்தில் ‘கலு குமாரயா’ என்ற கருநிற இளவரசப் பேய், இளம்பெண்களின் கனவில் வந்து ஆசையூட்டி நோயாக்கும் என்பார்கள். வடக்கில் கொத்தி என்ற பெண்பேய் பிள்ளைப்பேற்றோடு சேர்த்துப் பேசப்பட்டது. மோகினி ஆண்களை மயக்குகிறவள். பட்டியலைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். பெண்ணுடலில் ஆசை, கருவளம், மறுப்பு என்று ஏதாவது கட்டுக்கடங்காமல் தலைகாட்டும் இடத்தில் ஒரு பேய்க்குப் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது.

அந்நிய மொழி பேசும் ஆசை

மறுபடியும் கங்காவிடம் வருவோம். ‘சந்திரமுகி’யின் மூலம், பாசில் இயக்கிய ‘மணிச்சித்ரதாழு’ (1993) என்ற மலையாளப் படம். அதில் கேரளத்துத் தறவாட்டை உலுக்கும் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்தவள், தமிழ் பேசுகிறாள். தமிழுக்கு வந்ததும் பேய் தெலுங்குக்காரி ஆகிறது. 2004இன் கன்னட ‘ஆப்தமித்ரா’விலும் அது தெலுங்கு பேசுகிறது. 2007இன் இந்தி ‘பூல் புலையா’வில் வங்காளம் பேசுகிறது. எந்த மொழிக்காரர் படம் எடுத்தாலும் ஆசையும் ஆத்திரமும் கொண்ட பெண் பக்கத்து நாட்டுக்காரி. நம் வீட்டுப் பெண்ணுக்கு அப்படியொரு ஆசை வராது, வந்தால் அது வெளியிலிருந்து வந்தது என்பதே இதன் உட்பொருள். மருந்து குடுத்திட்டாங்கள் என்ற பேச்சின் அதே தர்க்கம், கொஞ்சம் பட்டுடுத்தி வந்திருக்கிறது.

அந்தப் படங்களின் ஒரு காட்சியை நெருங்கிப் பார்க்கவேண்டும். கங்காதான் நோயாளி என்று கணவனுக்கு நிரூபிக்க, மருத்துவன் ஒரு சோதனை ஏற்பாடு செய்கிறான். அவள் கடைக்குப் போகப் புறப்படுவாள், நீ போகவேண்டாம் என்று தடுத்துப் பார் என்கிறான். கணவன் அப்படியே தடுக்கிறான். அவள் முதலில் சாதாரணமாகக் கேட்கிறாள். பிறகு குரல் மாறுகிறது, கண் மாறுகிறது, கட்டிலை ஒரு கையால் தூக்குகிறாள். திரையரங்கு உறைகிறது. அவளைப் பேயாக்கியது என்ன? கடைக்குப் போக அனுமதி இல்லை என்ற ஒரு சொல். படத்தை எழுதியவர்கள் தெரிந்தோ தெரியாமலோ சரியான நரம்பைத் தொட்டிருக்கிறார்கள். அடைக்கப்பட்ட சந்திரமுகிக்கும் தடுக்கப்பட்ட கங்காவுக்கும் பொதுவானது அந்தத் தடைதான். ஆனால் மருத்துவன் அதை நோயின் அறிகுறியாகக் குறித்துக்கொண்டு போகிறான். குணப்படுத்தும் முறையும் அப்படியே. அரசனைப் போன்ற பொம்மையொன்றை அவள் முன்னால் வைத்துப் பழிதீர்க்க விட்டு ஏமாற்றுகிறார்கள். அவள் கேட்ட நியாயம் கிடைத்ததாக அவளை நம்பவைப்பதோடு வைத்தியம் முடிகிறது.

சிறைப்பட்டவளுக்கு ஒரு காதற்பாட்டு

பேயே இல்லாத திகில்படங்களில் இந்தச் சிக்கல் இன்னும் வெளிப்படை. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா 1980இல் ‘மூடுபனி’ எடுத்தார். இளையராஜாவின் நூறாவது படம் அது. பாலியல் தொழிலாளர்களைக் கொல்லும் சந்துரு, ரேகா என்ற பெண்ணைத் தனக்குரியவள் என்று முடிவு செய்கிறான். அவளுக்கு வேறொருவனோடு கல்யாணம் நிச்சயமான நிலையில் கடத்திக்கொண்டு மலைநகரத்துக்குப் போகிறான். அங்கேதான் கிற்றாரோடு உட்கார்ந்து, யேசுதாஸ் குரலில், அவளைப் பார்த்துப் பாடுகிறான். எதிரே இருப்பவள் தப்பும் வழியை எண்ணிக்கொண்டிருக்கும் கைதி. படத்தைப் பார்க்காமல் பாட்டை மட்டும் கேட்பவர்களுக்கு அது தமிழின் மிக மென்மையான காதற்பாட்டுகளில் ஒன்று. தமிழ் வானொலிகள் இன்றும் அதை அப்படித்தான் ஒலிபரப்புகின்றன. பாலு மகேந்திரா இதைத் தெரிந்தே செய்தார் என்று எண்ண இடமிருக்கிறது. அழகான மெட்டு, அழகான ஒளி, உள்ளே ஒரு பெண் பயந்துபோய் இருக்கிறாள். பார்வையாளர் எதைப் பார்ப்பார் என்பது பார்வையாளரின் பொறுப்பு.

1991இல் வந்த ‘குணா’ இன்னொரு பக்கம் போனது. கடத்தி வைக்கப்பட்ட பெண் கடைசியில் கடத்தியவனை விரும்பத் தொடங்குகிறாள். கமல்ஹாசனின் நடிப்பு நம்மை அவன்பால் உருகவைக்கிறது. ஆனால் பூட்டிய கதவுக்குள் முளைக்கும் விருப்பத்தை எவ்வளவு தூரம் விருப்பம் என்று எண்ணுவது? கதவு திறந்திருந்து, அவள் போகக்கூடியவளாக இருந்து, போகாமல் இருந்தாலல்லவா அது தெரியவரும்?

கலை வந்தால் கேட்கிறார்கள்

பேய் பிடித்தவள் அடிவாங்குகிறாள். அதே உடல் அதே விதமாக நடுங்கும்போது ‘கலை வந்திருக்கு’ என்று பூசாரி சொல்லிவிட்டால் ஊர் கையெடுக்கிறது. வைகாசி மாதத்தில் முல்லைத்தீவு வற்றாப்பளை கண்ணகை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போனவர்கள் இதை நேரில் பார்த்திருப்பார்கள். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோவிலில் அந்த உப்புநீரில் விளக்கேற்றி, பிறகு வற்றாப்பளையில் பொங்கல். காவடிகளுக்கும் பாற்செம்புகளுக்கும் நடுவே கலை வந்து ஆடும் பெண்கள் இருப்பார்கள். அவர்கள் வாயிலிருந்து வரும் சொல்லைச் சுற்றி நிற்பவர்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள். வீட்டில் அவள் பத்து வருடமாகச் சொல்லியும் கேட்காத கணவனும் அங்கே கேட்பான்.

வந்திருப்பது அம்மனா பேயா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் யார் கையில் என்பதைப் பொறுத்தே அவளுடைய பேச்சு வாக்காகிறது அல்லது பிதற்றலாகிறது. வற்றாப்பளையில் வீற்றிருப்பவள் கண்ணகி என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. கணவன்மேல் கொண்ட அன்பினால் ஒரு நகரையே எரித்தவள். பேய்ப்படக் கணக்கில் அவளும் ஓர் ஆவேசக்காரிதான். ஆனால் அவள் அரசவைக்குப் போனாள், கேள்வி கேட்டாள், அரசன் பதில் சொல்ல வேண்டியிருந்தது, குற்றம் அவனுடையது என்று அவனே ஒத்துக்கொண்டான். அதன்பிறகு அவளைத் தெய்வமாக்கிக் குளிர்விக்க முடிந்தது. சந்திரமுகிக்கு அப்படியொரு அரசவை கிடைக்கவில்லை.

மட்டக்களப்பில் 1990களில் அம்மன் கோவில்களில் வாக்குச் சொல்லும் பெண்களை பற்றீசியா லோரன்ஸ் என்ற மானிடவியலாளர் ஆராய்ந்தார். பிள்ளையையும் கணவனையும் பிடித்துக்கொண்டு போனார்கள், உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டு வந்தவர்களுக்கு அவர்கள் பதில் சொன்னார்கள். பொலிஸ் நிலையமும் படைமுகாமும் பதில் சொல்லாத இடத்தில் அம்மன் சொல்ல வேண்டியிருந்தது.

காத்திருப்பது வெறியா?

போர்க்கால வன்னியில் காதலும் கல்யாணமும் தனிப்பட்ட விஷயமாக இருந்ததில்லை. விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவர்கள் கல்யாணம் செய்ய இயக்கத்தின் அனுமதி வேண்டியிருந்தது. 2006க்குப் பிறகு கட்டாய ஆட்சேர்ப்பு இறுகியபோது, பிள்ளையைக் காப்பாற்றுவதற்காகவே பதின்ம வயதில் அவசரக் கல்யாணங்கள் நடந்தன. மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்க நேரம் இல்லை, கேட்பது பொருத்தமாகவும் தோன்றவில்லை. 2009இல் போர் முடிந்தபின் செட்டிகுளத்து மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வெளியே வந்தபோது அந்தப் பெண்களில் சிலர் கையில் பிள்ளையோடும், முழுமையாகத் தாம் தெரிவு செய்யாத ஒரு வாழ்க்கையோடும் நின்றார்கள். உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னி மக்கள் பற்றி வெளியிட்ட ஆய்வு, தனிமனிதரோடு குடும்பமும் சமூகமும் சேர்ந்தே நொறுங்கியதைக் கூட்டு மனவடு என்று விளக்கியது. விருப்பம் என்ற தசை இயங்க முடியாமல் போன காலம் என்றும் அதைச் சொல்லலாம்.

பேய்ப்படத்தின் அடிப்படை விதி, செத்தவரை விடமுடியாதவர் பைத்தியமாவார் என்பது. அந்த விதி வன்னியில் செல்லாது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அவர்களில் மனைவிமாரும் இருந்தார்கள். கணவர் செத்துவிட்டார் என்று ஒத்துக்கொண்டால் மரணச் சான்றிதழும் இழப்பீடும் கிடைக்கலாம். 2016இன் சட்டத் திருத்தம், இறந்தார் என்று சொல்லாமல் இல்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழுக்கும் வழிசெய்தது. பலர் இரண்டையும் ஏற்கவில்லை. எட்டுச்செலவும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை. பொட்டு வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். ஊர் அதற்கும் இதற்குமாகப் பேசுகிறது: இன்னும் என்னத்துக்குக் காத்திருக்கிறாய் என்று ஒரு பக்கம், பொட்டு என்னத்துக்கு என்று இன்னொரு பக்கம்.

இது பற்றுவெறியா? வேட்டையனோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவு. வேட்டையனின் பற்று இன்னொருவரின் சுதந்திரத்தை விழுங்கி உயிர்வாழ்கிறது. இந்தப் பெண்களின் பற்று யாரையும் அடைத்து வைக்கவில்லை. கொண்டுபோனவர்களிடம் பதில் கேட்கிறது, அவ்வளவே. அதோடு, அது தெரிவு. சான்றிதழை வாங்கி வேறொரு வாழ்க்கையைத் தொடங்கிய பெண்ணும் அதே அளவு தெரிவு செய்தவளே. ஒருத்தியைத் தியாகி என்றும் மற்றவளை மறந்தவள் என்றும் பிரிப்பது, பேயா அம்மனா என்று தீர்ப்புச் சொல்லும் அதே பழைய வேலை.

பிரசன்ன விதானகேயின் ‘ஒப நதுவ ஒப எக்க’ (2012) இதன் இன்னொரு முகம். தஸ்தாயெவ்ஸ்கியின் குறுங்கதையைத் தழுவிய அந்தச் சிங்களப் படத்தில், வடக்கிலிருந்து வந்த தமிழ்ப் பெண் செல்வியை அடகுக்கடைக்காரன் ஒருவன் மணக்கிறான். அவன் முன்னாள் இராணுவச் சிப்பாய் என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது. அவன் அவளை நேசிக்கிறான், அதில் பொய்யில்லை. ஆனால் அவள் எதை அறிந்து சம்மதித்தாள்? மறைக்கப்பட்டதன்மேல் பெறப்பட்ட சம்மதம் அந்த வீட்டின் காற்றை மெல்ல நஞ்சாக்குகிறது. பேய் இல்லாத அந்தப் படம் பல பேய்ப்படங்களைவிட அதிகம் பயமுறுத்துகிறது.

மறுக்கும் உரிமை

திகில் சினிமாவின் வரலாற்றில் மறுப்பு மிகத் துல்லியமாக ஒலித்த இடம் ஜேம்ஸ் வேல் 1935இல் எடுத்த ‘பிராங்கன்ஸ்டைனின் மணமகள்’. தனிமையில் வாடும் அரக்கனுக்காகவே ஒரு பெண்ணை ஆய்வுகூடத்தில் செய்கிறார்கள். அவள் கண்திறந்து, அவனைப் பார்த்து, அலறுகிறாள். அவனுக்காகவே செய்யப்பட்டவள்கூட அவனை விரும்பக் கடமைப்பட்டவள் அல்ல. படத்தில் அவள் வருவது சில நிமிடங்களே. அந்த அலறலுக்காகவே தொண்ணூறு ஆண்டுகளாக நினைக்கப்படுகிறாள்.

தமிழில் இதற்கு எதிர்த்திசையில் ஒரு சாதனை உண்டு: மிஷ்கினின் ‘பிசாசு’ (2014). விபத்தில் அடிபட்ட பவானி, தன்னை மருத்துவமனைக்குத் தூக்கிச்சென்ற சித்தார்த்தின் கையைப் பிடித்தபடி உயிர்விடுகிறாள். அவள் ஆவி அவன் வீட்டுக்கு வருகிறது. பார்வையாளர் பழக்கத்தில் பழிவாங்கலை எதிர்பார்க்கிறார்கள். மோதியவன் அவனே என்பதும் ஒரு கட்டத்தில் தெரிகிறது. அவளுக்கு அது முன்பே தெரியும், காட்டிக்கொடுக்க அவள் விரும்பவில்லை. அந்த வீட்டில் அவள் காவலாக இருந்தாள், அவனை உடைமையாக்கிக்கொள்ளவில்லை. தமிழ்ப் பேய்களில் முழுமையான சுயவிருப்போடு ஒரு முடிவெடுத்தவள் பவானி. மன்னிப்பு அவளிடமிருந்து பிடுங்கப்பட்டதல்ல என்பதால் அதற்கு எடை இருக்கிறது. அதேவேளை, செத்துப்போனவள் மன்னித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஓர் ஆபத்து. வன்னியில் அந்த எதிர்பார்ப்பை நல்லிணக்கம் என்ற பெயரில் பலமுறை கேட்டுவிட்டோம்.

இன்று வடக்கின் இளைஞர்கள் கைப்பேசியிலும் சிறு கமராவிலும் குறும்படம் எடுக்கிறார்கள். திகில் அவர்களுக்குப் பிடித்த வகைகளில் ஒன்று. பாழ்வீடு, வெள்ளைச்சேலை, பழிவாங்க வரும் பெண் என்ற வாய்பாட்டைத் தென்னிந்தியாவிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எடுக்கவும் செய்கிறார்கள். ஆனால் ஆவியை அஞ்சுவதற்கு முன் அதன் வழக்கை விசாரிக்க வேண்டிய நிலம் இது. திரைக்கதை எழுதும் ஒருவர் மூன்று கேள்விகளைத் தன் கதையிடம் கேட்டால் போதும். அவளிடம் யாராவது கேட்டார்களா? அவள் மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மறுத்தபின் அவள் உயிரோடு இருந்தாளா? மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வரும் கதைதான் காதல்கதை. மற்றதெல்லாம், இசை எவ்வளவு இனிமையாக இருந்தாலும், திகில்படத்தின் கணக்கிலேயே வரும்.